ஜோடி சேராத ரப்பர் கட்டை

இந்தத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் என்னை ஏமாற்றிய கடைக்காரர் ஒருவரும் கிடையாது. என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வந்த கடை மட்டும் ஒன்று உண்டு. அதில் எனக்கு ஆன செலவு பாதி ரூபாயாக, மீதி மானமாக.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பஸ் நம்பர் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். (இதை எழுதி முடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு ஆடி மாதமும் முழுசாக ஆயின. ஆகட்டுமே, எனக்கு என்ன ரயிலா போகிறது.) ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பட்டுப்புடவை எடுப்பவர்கள், பிரிட்ஜ் வாங்குபவர்கள், பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுப்பவர்கள், எல்லோரும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். “தனம்மா கண்ணு பட்டா பொருள்ல ஓட்டையே இருக்காது” என்பார்கள். ஓட்டை இருக்கும் என்பதுதான் என் கொள்கை. ஓட்டை இல்லாத பொருள் உலகத்தில் இல்லை. தெரியவில்லை என்றால் நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து, கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, வேண்டாம் என்று எழுந்து நடக்க வேண்டும். நாலாவது அடிக்குள் அவர் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் குடையை மறந்துவிட்டதாகத் திரும்பி வர வேண்டும். இதற்காகவே வெயில் மழை பார்க்காமல் ஒரு குடை எடுத்துப் போவேன். அதைக் கல்லாப்பெட்டி ஓரமாகச் சாத்தி வைப்பேன்.

இது போதாதென்று கைராசி வேறு. எங்கள் தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, முதலில் என்னைத்தான் அதில் உட்கார வைப்பார்கள். நான் உட்கார்ந்த கார் ஒன்றுகூட இதுவரை இடித்ததில்லை. என்னை உட்கார வைக்காமல் ஓட்டிப்போன ஒரு ஆட்டோ சேலையூர் ஏரிக்கரையில் கவிழ்ந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படியெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு, நாலு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தாறு வயதில், புத்தி வந்த கதை இது. வயதில் அது இளமைதான், இப்போது நினைத்துப் பார்த்தால்.

என் மருமகள் உமா கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்போது அவளுக்கும் என் மகன் செந்திலுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே, சக்கரம் வைத்த ஷூ வாங்கப் போகிறேன் என்றாள். அவள் ஆபீஸ் பெண்கள் நாலைந்து பேர் அங்கே ஒரு திடலில் வாரா வாரம் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறார்களாம், இவளும் சேரப் போகிறாளாம்.

இந்த வயதிலா என்று நான் கேட்கவில்லை. கண்ணால்தான் கேட்டேன்.

“ஸ்கூல் படிக்கும்போதே கேட்டேன் அத்தை. கால் உடைஞ்சா உன்னை யாரு கட்டிக்குவான்னாரு எங்கப்பா. இப்பதான் கட்டிக்கிட்டாச்சே” என்றாள்.

செந்திலுக்குப் புரை ஏறியது. எனக்கு அவள் ஆசை பெரிதாகப் படவில்லை. போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவேன், நிறைய வீடியோ பார்த்திருக்கிறேன், எது வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றாளே, அதுதான் சுருக்கென்றது. தொடாமல், தட்டிப் பார்க்காமல், ஓட்டை கண்டுபிடிக்காமல் ஒரு பொருள் இந்த வீட்டுப் படியேறுவதா? அதுவும் நான் உயிரோடு இருக்கும்போதா? தெரியுமாம். எனக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது? நானும் வருகிறேன், நேரில் போய்த்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டேன். நான் சக்கர ஷூவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்தது. பஸ்ஸிலேயே உமாவுக்குப் பாடம் எடுத்துவிட்டேன். கடைக்குள் போனதும் வாயைத் திறக்கக் கூடாது. பிடித்திருக்கிறது என்று முகம் காட்டிக்கொடுத்தால் விலை ஏறிவிடும். பிடித்திருந்தால் காதைத் தொட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வாட்ச்சைப் பார்க்க வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். நல்ல பெண், சொன்ன பேச்சு கேட்பவள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். உமாவைப் பார்த்து, புதுசாகக் கற்றுக்கொள்ளவா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்று நான் சொன்னேன். அவர் ஒரு ஷூவை எடுத்து வைத்தார். கணுக்கால் வரை வழவழவென்று கெட்டியான பிளாஸ்டிக், கீழே ஒரே வரிசையில் நாலு சக்கரம். இரண்டு பக்கமும் சக்கரம் இருந்தால்தானே நிற்கும், இதென்ன வாக்கிங் போகிற எறும்பு மாதிரி என்று ஆரம்பித்தேன்.

அந்த மனிதர் பொறுமையாகத்தான் சொன்னார். புதுசாகக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கணுக்காலைக் கெட்டியாகப் பிடிக்கிற ஷூ வேண்டும். அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். கட்டைவிரல் முன்பக்கம் லேசாக இடிக்கலாம், முழங்காலை மடக்கினால் அது பின்னால் வந்துவிடும். தொளதொளவென்று இருந்தால் கால் மடங்கும். சக்கரம் சின்னதாக இருந்தால் நல்லது, வேகம் பிடிக்காது. இவ்வளவையும் ஒரு வாத்தியார் மாதிரி சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எந்த அளவை எதற்காக நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று கணக்குப் போடுகிற தலையாட்டல் அது.

உமா போட்டுப் பார்த்தாள். எழுந்து நின்றதும் கை தானாகக் காதுக்குப் போனது. கச்சிதம் என்று கடைக்காரரும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டால் அதில் ஏதோ இருக்கிறது. அந்த அளவுதான் கடையில் மீந்து கிடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நம்பர் பெரிதாக எடுக்கச் சொன்னேன்.

“பெருசா இருந்தா ஆடும்மா” என்றார்.

“சாயங்காலத்துல கால் வீங்காதா? நாளைக்கே உண்டானா கால் ஒரு சுத்து பெருக்கும். அப்ப இன்னா செய்வே?” என்றேன்.

கடைக்காரர் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து, ரொம்ப நேரம் துடைத்தார். உமா வாட்ச்சைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். (அன்றைக்கு அவள் வாட்ச்சே கட்டிக்கொண்டு வரவில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.) பெரிய அளவை எடுத்துவைக்கச் சொன்னேன். சக்கரத்திலும் சின்னது, பெரியது என்று இரண்டு வகை, விலை ஒன்றுதான் என்றார். ஒரே விலைக்குச் சின்னதை வாங்கிக்கொண்டு போக நான் என்ன இன்றைக்குப் பிறந்தவளா? பெரியதே கொடு என்றேன்.

இவ்வளவு ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை. ஓட்டையை இன்னும் கண்டுபிடிக்கவில்லையே. இரண்டு ஷூவையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கண்டுபிடித்தேன். வலது காலில் குதிகாலுக்குக் கீழே, கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கறுப்பு ரப்பர் கட்டை துருத்திக்கொண்டிருந்தது. இடது காலில் அது இல்லை.

ஜோடிப் பொருள் விஷயத்தில் எங்கள் பக்கத்தில் கண்டிப்பு அதிகம். தோடு, மெட்டி, கொலுசு, குத்துவிளக்கு, எதுவாக இருந்தாலும் ஒன்று போல ஒன்று இருக்க வேண்டும். ஒரு திருகாணி குட்டையாக இருந்தால்கூட எடுத்த நகையைத் திரும்ப வைத்துவிடுவோம். ஒற்றையாக ஒரு பொருள் வீட்டுக்குள் வரக் கூடாது. நாற்பது வருஷமாகத் தெருவில் அத்தனை பேருடைய ஜோடிகளையும் சரிபார்த்த கண் இது. அந்தக் கண்ணுக்கு முன்னால் பாதி ரப்பர் வைத்த ஷூவை நீட்டுகிறார் இந்த மனிதர்.

“இன்னொண்ணு எங்க?” என்றேன்.

“ஒண்ணுதான்மா வரும். அது பிரேக். நிக்கறதுக்கு.”

“நிக்கறதுன்னா ரெண்டு காலும்தானே நிக்கணும்?”

 ஒன்று போதும், கம்பெனியிலேயே அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கம்பெனிக்காரன் மறந்துவிட்டான் என்பதற்காக நான் பாதி ஜோடியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்றேன். உமா, “அத்தை, அது...” என்று ஆரம்பித்தாள். ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்தாள். பாவம், அவ்வளவு பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எழுந்து நடந்தேன். நாலு அடி ஆயிற்று. அவர் கூப்பிடவில்லை. ஏழு அடி ஆயிற்று. வாசற்படி வந்துவிட்டது. குடையை எடுக்கத் திரும்பினேன். திரும்பின கையோடு என் தீர்ப்பையும் சொன்னேன்: இன்னொரு கட்டை தர முடியாது என்றால் இந்தக் கட்டையையும் கழற்றிவிடு, இரண்டும் ஒன்று போல ஆகிவிடும், கழற்றின கட்டைக்கு விலையைக் குறை.

கடைக்காரர் நிஜமாகவா என்று கேட்டார். இரண்டாம் தடவை உமாவைப் பார்த்துக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு ஒரு திருப்புளி எடுத்து வந்து கழற்றினார். இருநூறு ரூபாய் குறைத்தார். கழற்றின கட்டையைக் குப்பையில் போடாமல் மேசை டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். அதைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

தலைக்கவசம், முழங்கால் உறை, மணிக்கட்டு உறை எல்லாம் அவசியம் வேண்டும் என்று எடுத்து அடுக்கினார். காலுக்கு வாங்க வந்தால் தலைக்கும் விற்கிறானே என்று எனக்குள் ஒரே சிரிப்பு. அதெல்லாம் வேண்டாம், கொசுறாக என்ன தருகிறாய் என்று கேட்டேன். கறிவேப்பிலை கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் ஒரு விசில் கொடுத்தார். சிவப்புக் கயிறு போட்ட நல்ல விசில். வெற்றியோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் உமா கேட்டாள், “இப்பப் பேசலாமா அத்தை?”

பேசு என்றேன்.

அந்தக் கட்டை இல்லாமல் புதுசாகக் கற்றுக்கொள்பவர்கள் நிற்கவே முடியாது என்றாள். உலகம் முழுக்க ஒரு காலில்தான் அது இருக்கும் என்றாள். அளவும் சரியில்லை, சக்கரமும் சரியில்லை என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். இதை ஏன் கடையிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க. ரெண்டு காதையும் பிடிச்சுப் பார்த்தேன். அதுக்கு மேல எனக்குக் காது இல்ல அத்தை.”

கேம்ப் ரோடு வருவதற்குள் நான் தப்பு செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். ஆனால் வாங்கின பொருளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. தனம்மா வாங்கினதைத் தனம்மாவே திருப்பிக் கொடுத்தாள் என்று தெருவில் ஒரு வாய் சொன்னால் போதும். அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க என்னை யார் கூப்பிடுவார்கள்? நாற்பது வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு ரப்பர் கட்டைக்காகப் போக வேண்டுமா? சைக்கிள்காரன் காலை ஊன்றி நிறுத்தவில்லையா, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சும்மாவும் இருக்கவில்லை. அன்று சாயங்காலமே தெருவில் நாலு வீட்டில் போய், வெள்ளிக்கிழமை காலை என் மருமகள் வண்டிக்குப் பூஜை, வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சக்கரம் இருந்தால் அது வண்டிதானே.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பிள்ளையார் கோவில் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். ஷூ இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, முன்பக்கம் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றியிருந்தேன். எட்டுச் சக்கரத்துக்கு எத்தனை எலுமிச்சம்பழம் என்று குருக்கள் குழம்பினார். காலுக்கு ஒன்று போதும் என்று நான் முடிவு சொன்னேன். கற்பூரம் காட்டினார்கள். வண்டிக்காரி பழத்தின்மேல் ஏற்ற வேண்டும். உமா ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள்.

“அத்தை, கால் உள்ள நீந்துது” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் சாந்திக்குக் கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்டால் போதும். பெருசா வாங்கிட்டாங்களா என்று பக்கத்தில் கேட்டாள். அந்தப் பக்கத்தில் இருந்தவள் தன் பக்கத்தில் கேட்டாள்.

என் காது இரண்டும் சூடாயின. கொடு இங்கே என்றேன். கைராசிக்கு முதலில் நான்தானே ஏற வேண்டும், மறந்தே போய்விட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கோவில் படியில் உட்கார்ந்து, புடவையைத் தூக்கிச் செருகி, ஷூவை மாட்டினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம். கச்சிதமாக இருந்தது. நாற்று நட்டு அகன்ற என் காலுக்கு, கட்டைவிரல் முன்பக்கம் லேசாக இடிக்க, அந்தக் கடை வாத்தியார் சொன்ன மாதிரியே, அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

செந்தில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழத்தை ஏற்றினேன். ஒன்று நசுங்கியது, ஒன்று நழுவியது. எல்லோரும் கைதட்டினார்கள். செந்தில் போட்டோ எடுக்கிறேன் என்று தோளை எடுத்துக்கொண்டான்.

எங்கள் தெரு ஏரிப்பக்கம் கொஞ்சம் சரிவு. மழைத் தண்ணீர் ஓடும்போதுதான் அது எங்களுக்கு ஞாபகம் வரும். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். தெருதான் நகர்ந்தது.

“பிரேக் பிடிம்மா, பிரேக் பிடி” என்று பின்னால் செந்தில் கத்தினான்.

“அது கடையில இருக்கு” என்று உமா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

முன்னால் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவள் குமாரி. அவள் தலைக்கு மேலே ஒலிபெருக்கி, மக்கும் குப்பை மக்காத குப்பை பற்றி நாள் தவறாமல் கத்தும். கூட ஒருத்தி நடந்து வந்து வீடு வீடாகக் குப்பையை வாங்கிக் கொட்டுவாள். கொட்டி முடித்ததும் விசில் அடிப்பாள். விசில் கேட்டால் குமாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுப்பாள். அதுதான் அவர்கள் வேலை செய்கிற முறை. அன்றைக்கு அந்த இன்னொருத்தி முந்தின வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விசிலுக்காகக் காத்து நின்ற வண்டியின் பின்பக்கக் கம்பி என் கைக்கு வந்தது. தெய்வமே என்று பிடித்தேன். அதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கழுத்தில் விசில் கிடந்தது. ஆபத்துக்கு அடிக்கிற சாமான்தானே என்று எடுத்து அடித்தேன்.

வண்டி கிளம்பியது.

நிறுத்தச் சொல்லி இன்னும் பலமாக அடித்தேன். வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. ஒரு வீட்டில்கூட நிற்கவில்லை. விசில் சத்தம் கேட்டுப் பக்கெட்டோடு வெளியே வந்தவர்கள், வண்டி நிற்காமல் போகிறதே என்று பின்னால் ஓடி வந்தார்கள். முன்னால் ஒலிபெருக்கி, நடுவில் மல்லிகைப்பூ சுற்றின காலோடு நான், பின்னால் பச்சைப் பக்கெட்டும் நீலப் பக்கெட்டுமாகப் பதினைந்து இருபது பேர். எங்கள் பிள்ளையாருக்கே அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததில்லை.

கையை விட்டால் விழுவேன், விடாவிட்டால் மானம் போகும். விழுவதற்குத்தான் பயந்தேன். ஆனாலும் முகத்தை மட்டும், இது ஏற்கனவே பேசி வைத்த ஏற்பாடு என்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். வாசலில் நின்றவர்களுக்குத் தலையசைத்தேன். பின்னால் பக்கெட்டோடு ஓடி வந்த சாந்தி, மூச்சு வாங்க, “தண்ணி மோட்டார் போடவாம்மா?” என்று கேட்டாள். போடு, அரைமணி நேரம் போதும் என்று விசிலை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

தெருக் கடைசியில், ஏரிக்கரை திருப்பத்தில் குமாரி பிரேக் பிடித்தாள். அவள் வண்டியில் அது இருந்தது. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. இடுப்புக்கு மேலே உள்ள நான் முழுவதும் வண்டிக்குள் போய்விட்டேன். மூலைவீட்டில் முந்தின நாள் காதுகுத்து. அந்த வாழையிலை அத்தனையும் அங்கேதான் இருந்தது. இலையில் யாரோ ஒருவர் வடையைத் தொடாமலே மூடியிருந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

குமாரி இறங்கி வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பார்த்தாள்.

“இன்னாம்மா நீ, பச்ச டப்பாவா நீல டப்பாவா? பிரிச்சுப் போடுங்கன்னு தெனம் தொண்ட தண்ணி வத்தக் கத்திகினு போறனே.”

பின்னால் வந்த இருபது பக்கெட்டும் சிரித்தன. ஒரு முழங்கால் சிராய்ப்பு, ஒரு மணிக்கட்டு வீக்கம். அந்த உறை இருந்திருந்தால் இரண்டும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார்.

மறுநாள், வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்கின கடைக்குத் திரும்பப் போனேன். மணிக்கட்டில் கட்டு இருந்ததால் குடை எடுத்துப் போகவில்லை. ஷூவில் குங்குமமும் எலுமிச்சம்பழ விதையும் ஒட்டியிருந்தன, அதைப் பார்த்த பிறகு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க எனக்கே வாய் வரவில்லை. உமா தன் காலுக்கு ஏற்ற அளவில், சின்னச் சக்கரம் வைத்து, தலைக்கவசம், உறைகள் எல்லாவற்றோடும் புதிதாக ஒரு ஜோடி எடுத்தாள். காதைத் தொடவில்லை, வாயால் கேட்டு வாங்கினாள். விலை பேசவில்லை. அவராகவே கொஞ்சம் குறைத்தார். அது எனக்கு வலித்த வலி, மணிக்கட்டு வலியெல்லாம் ஒரு வலியா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கட்டையைக் கொடுத்துவிடப்பா, இருநூறைத் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் டிராயரைத் திறந்தார். அப்போது இரண்டு கட்டை இருந்தது.

“நீங்க போனதும் நினைச்சுப் பார்த்தேன்மா. நீங்க சொன்னதுதான் நியாயம். இனிமே ஒத்தையா விக்கறதில்ல. எடுத்தா ஜோடியாத்தான் எடுக்கணும்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது.

எழுந்து நடந்தேன். நாலு அடி. ஏழு அடி. வாசற்படி. திரும்பி வரக் குடை இல்லை. வெறுங்கையோடுதான் திரும்பி வந்து, நானூறு ரூபாய் கொடுத்து ஜோடியாக வாங்கினேன். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த உமா, கடைக்கு வெளியே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருச் சரிவில் கையைக் கட்டிக்கொண்டு போவாள், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு குதிகாலை லேசாக அழுத்தி நிற்பாள். ஒரே ஒரு கட்டைதான். நின்றுவிடுகிறது. நான் முதலில் வாங்கின ஷூ ஜோடி, செருப்பு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அதற்கு வீட்டில் பெயர் அத்தை வண்டி. குமாரி இன்றைக்கும் எங்கள் வாசலில் நின்று, பெரியம்மா இன்னைக்கு எந்த டப்பா என்று கேட்காமல் போவதில்லை. பட்டு எடுக்கத் தெருவில் இப்போது என் கூடவே உமாவையும் கூப்பிடுகிறார்கள். சிலர் உமாவை மட்டும் கூப்பிடுகிறார்கள். நான் கேள்விப்படாத மாதிரி இருந்துவிடுவேன்.

ஜோடியில் ஒரு கட்டை என் ஷூவில் ஏறிவிட்டது. மீந்த இன்னொன்றை உமா தன் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே அதை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாள். போன மாதம் மிக்ஸி வாங்கப் போனோம். மூன்று ஜார் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் கைப்பிடி இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை. கடைக்காரர் விலையைச் சொன்னார். என் வாய் தானாகத் திறந்தது.

உமா என் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். ரப்பர் கட்டையை இறுக்கிப் பிடித்தேன். நின்றுவிட்டேன்.

ஒன்று போதும் என்று அந்த மனிதர் அன்றைக்குச் சொன்னது சரிதான்.